ஆம்ஸ்டர்டாம் கால்வாய்களைப் படகில் பார்ப்பது எப்படி

ஆம்ஸ்டர்டாமுக்குச் செல்பவர்கள் கால்வாய்ப் படகில் ஏறாமல் திரும்புவது அரிது. ஆனால் ஏறி இறங்கியவர்களில் பலருக்கு, அழகான வீடுகளையும் பாலங்களையும் பார்த்தோம் என்பதற்கு மேல் சொல்வதற்கு ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் கால்வாய்கள் சரக்கு ஏற்றி இறக்குவதற்கும், சதுப்பு நிலத்து நீரை வடித்து மனைகளை உருவாக்குவதற்கும் வெட்டப்பட்டவை. கரையில் நிற்கும் பழைய வீடுகள் அந்த வேலைக்குத் தக்கபடி கட்டப்பட்டவை. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஏறுபவருக்கு ஒரு மணி நேரப் பயணத்தில் பதினேழாம் நூற்றாண்டின் வணிக நகரம் ஒன்று எப்படி இயங்கியது என்பது கண்முன்னே விரியும்.

முதலில் நகரின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். மத்திய ரயில் நிலையத்துக்குத் தெற்கே, பழைய நகரைச் சுற்றி அரைவட்டங்களாகக் கால்வாய்கள் அமைந்திருக்கின்றன. உள்ளே முதலாவதாக இருப்பது சிங்கல். அது இடைக்கால நகரின் அகழி. அதை அடுத்து வெளிநோக்கி ஹீரன்கிராக்ட், கெய்ஸர்ஸ்கிராக்ட், பிரின்சன்கிராக்ட் என்ற மூன்றும் வரிசையாக வருகின்றன. இவற்றை வெட்டும் வேலை 1613ஆம் ஆண்டு மேற்குப் பக்கத்தில் தொடங்கியது. 1660களில் இரண்டாம் கட்டமாக ஆம்ஸ்டெல் ஆறு வரையும் அதைத் தாண்டியும் நீண்டது. 2010இல் யுனெஸ்கோ இந்தக் கால்வாய் வளையத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளிருந்து வெளியே செல்லும் இந்த வரிசை நினைவில் இருந்தால் படகு எத்தனை முறை திரும்பினாலும் திசை தவறாது. ஹீரன்கிராக்ட்டில் செல்வந்தர்களின் மாளிகைகளும், பிரின்சன்கிராக்ட்டில் கிடங்குகளும் பட்டறைகளும் சிறிய வீடுகளும் அதிகம் என்பதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம்.

படகைத் தேர்ந்தெடுப்பதில்தான் பயணத்தின் தரம் பெரும்பாலும் தீர்மானமாகிறது. மத்திய ரயில் நிலையத்தின் எதிரிலும், ரெய்க்ஸ்மியூசியம் அருகிலும், நாஜிகளிடமிருந்து மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் இல்லத்துப் பக்கத்திலும் படகுத் துறைகள் உண்டு. அங்கிருந்து புறப்படும் பெரிய படகுகளுக்குக் கண்ணாடிக் கூரை இருக்கும்; பதிவு செய்யப்பட்ட விளக்கத்தைப் பல மொழிகளில் காதொலிக் கருவி மூலம் கேட்கலாம்; மழையானாலும் குளிரானாலும் பயணம் தடைபடாது. சிறு குழந்தைகளோ முதியோரோ உடன் வருகிறார்கள் என்றால் இதுவே பொருத்தம். மற்றொரு வகை, கூரையில்லாத சிறிய படகு. அதில் படகோட்டியோ தனி வழிகாட்டியோ அருகில் நின்று நேரில் பேசுவார். கேள்வி கேட்டால் பதில் கிடைக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், உடல்நிலையும் வானிலையும் இடம் கொடுக்கும்போது சிறிய படகையே தயங்காமல் பரிந்துரைப்பேன். பதிவு செய்த குரலுக்குப் படகு எந்த வீட்டின் முன் தாமதிக்கிறது என்பது தெரியாது. நேரில் பேசுபவரோ வீட்டின் உச்சியில் நீங்கள் சுட்டிக்காட்டும் கொக்கியைப் பார்த்து அதற்கு விளக்கம் சொல்வார். சீட்டை முன்பதிவு செய்யும்போது விளக்கம் எந்த மொழியில் இருக்கும், பயணம் எவ்வளவு நேரம், படகில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா என்ற நான்கையும் கேட்டுவிட வேண்டும். சிறிய படகுகளில் பொதுவாகக் கழிப்பறை இருக்காது. சக்கர நாற்காலியுடன் ஏறுவதற்கான வசதி எல்லாப் படகுகளிலும் இல்லை என்பதால் அதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது. பெரும்பாலான பயணங்கள் 60 முதல் 75 நிமிடம் வரை நீள்கின்றன. சாப்பாடும் மதுவும் சேர்ந்த நீண்ட மாலைப் பயணங்களும் உண்டு. ஆனால் அவற்றில் தட்டைப் பார்ப்பதா வெளியே பார்ப்பதா என்ற தடுமாற்றம் வரும். நகரைப் பார்ப்பதே நோக்கமென்றால் அவை வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை காலைப் பயணம் சிறந்தது. நண்பகலுக்குப் பின், குறிப்பாகக் கோடை வார இறுதிகளில், தனியார் படகுகளும் வாடகைப் படகுகளும் கால்வாய்களில் நெருக்கியடிக்கும். வழிகாட்டியின் குரலை அடுத்த படகின் இசை விழுங்கிவிடும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், கூட்டம் குறைந்த பின்மாலையும் ஏற்றது. டிசம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஆனால் நவம்பர் இறுதியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ ஆரம்பித்து ஜனவரி வரை நடக்கும் ஒளித் திருவிழாவின்போது கலைஞர்கள் நீரோரத்தில் அமைக்கும் ஒளிச் சிற்பங்களைப் படகிலிருந்தே பார்க்கலாம். ஏப்ரல் 27 அரசர் தினத்தன்றும், ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை வழக்கமாக நடைபெறும் பிரைடு படகு அணிவகுப்பு நாளிலும் கால்வாய்கள் கொண்டாட்டப் படகுகளால் நிரம்பிவிடும். அந்த நாள்களில் வழிகாட்டியோடு அமைதியாகப் பார்க்கும் எண்ணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

ரயில் நிலையப் பக்கத்தில் ஏறும் படகுகள் பல கிழக்குத் துறையைச் சுற்றி, கடல்சார் அருங்காட்சியகத்தைக் கடந்து, மொன்டெல்பான் கோபுரத்தை ஒட்டிச் சென்று ஆம்ஸ்டெல் ஆற்றுக்கு வரும். பிறகு அரைவட்டக் கால்வாய்களுக்குள் திரும்பும். ஆனால் வழியைப் படகோட்டியே அன்றைய நெரிசலைப் பார்த்து முடிவு செய்கிறார். அதோடு, கால்வாய்களின் கரைச்சுவர்கள் பல இடங்களில் வலுவிழந்துவிட்டன; 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் என்ற இடத்தில் கரைச்சுவரின் ஒரு பகுதி நீருக்குள் சரிந்தது. சுவர்களையும் பாலங்களையும் புதுப்பிக்கும் பெரும்பணி தொடர்ந்து நடந்துவருவதால் சில கால்வாய்கள் மூடப்பட்டிருக்கலாம். குறிப்பிட்ட ஓர் இடத்தை அவசியம் பார்க்க வேண்டுமென்றால் ஏறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

புறப்படும் நேரத்துக்குச் சற்று முன்னதாகச் சென்றால் இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடியும். கண்ணாடிக் கூரைப் படகுகள் பலவற்றில் பின்பகுதி திறந்திருக்கும்; அங்கே இடம் கிடைத்தால் விடக்கூடாது. உள்ளே அமர நேர்ந்தால் சன்னல் ஓர இருக்கையே வேண்டும், ஏனென்றால் பார்க்க வேண்டிய பலவும் கரையில் மேலே உயர்ந்திருப்பதால் நடு இருக்கையிலிருந்து எட்டிப் பார்ப்பது கடினம். இரவில் உள்விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்துப் படங்களைக் கெடுக்கும். செல்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் அது மறையும்.

இனி வீடுகளுக்கு வருவோம், ஏனெனில் இந்தப் பயணத்தின் உயிரே அங்குதான் இருக்கிறது. படகு முதல் கால்வாய்க்குள் நுழைந்ததும் வாசல்களை விட்டுவிட்டு வீடுகளின் உச்சியைப் பாருங்கள். முகட்டின் கீழே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உத்தரமும் அதன் முனையில் ஒரு கொக்கியும் தெரியும். உள்ளே படிக்கட்டுகள் மிகக் குறுகலானவை, செங்குத்தானவை. எனவே படகில் வந்த மசாலா மூட்டைகளும் துணிப் பொதிகளும் அந்தக் கொக்கியில் கப்பியும் கயிறும் கட்டி மேல்மாடிக் கிடங்குக்கு ஏற்றப்பட்டன. கீழே குடும்பம், மேலே சரக்கு. ஈரமும் வெள்ளமும் எட்டாத மாடி, பண்டத்துக்குப் பாதுகாப்பான இடம். இன்றும் வீடு மாறுபவர்கள் கட்டிலையும் பீரோவையும் அந்தக் கொக்கி வழியாக ஏற்றுவதைக் காணலாம்.

பல வீடுகள் தெருவை நோக்கி முன்சாய்ந்து நிற்பதும் கண்ணில் படும். தூக்கும் சரக்கு சுவரிலும் சன்னலிலும் இடிக்காமல் இருக்கவும், மழைநீர் முகப்பில் வழியாமல் இருக்கவும் வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்கள். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்பவற்றின் கதை வேறு. நகரம் முழுவதும் சேற்றின் மீது அமைந்தது. ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் உள்ள மணற்படுகை வரை மரத்தூண்களை அடித்து இறக்கி அவற்றின் மேல் வீடுகளை எழுப்பினார்கள். நீருக்குள் மூழ்கியிருக்கும் வரை மரம் நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் இறங்கிக் காற்றுப் படும்போது உளுக்கத் தொடங்கும், வீடும் ஒரு பக்கமாக அமிழும். டாம் (அணை) சதுக்கத்தில் நிற்கும் அரண்மனை 13,659 தூண்களின் மீது கட்டப்பட்டது. கால்வாயின் நீர்மட்டத்தை நகரம் இவ்வளவு கவனமாகக் காப்பதற்கு இந்தத் தூண்களும் ஒரு காரணம்.

முகட்டுச்சுவரின் வடிவத்தைக் கொண்டு வீட்டின் காலத்தை ஓரளவு கணிக்கலாம். படிப்படியாக ஏறி இறங்கும் முகடு பழையது, பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதி. நடுவில் கழுத்துபோல் உயர்ந்து இருபுறமும் சிற்ப வேலை கொண்டது அதற்குப் பிந்தையது. மணியின் வடிவில் வளைந்தது அதற்கும் பிறகு வந்தது. கிடைமட்டமாக நேர்கோட்டில் முடியும் முகப்புகள் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவின. கிடங்குகளுக்கு அலங்காரமற்ற எளிய முக்கோண முகடு இருக்கும். பிரவர்ஸ்கிராக்ட்டில் மரக் கதவுகளோடு நிற்கும் கிடங்குகளின் வரிசையில் அதைத் தெளிவாகக் காணலாம். சுவரில் பதித்த வண்ணக் கற்களையும் தேடுங்கள்: வீட்டெண்கள் வருவதற்கு முன், ஒரு மிருகமோ கப்பலோ தொழிற்கருவியோ செதுக்கிய அந்தக் கல்லே முகவரியாக இருந்தது.

ஹீரன்கிராக்ட்டில் லெய்ட்ஸ தெருவுக்கும் ஃபெய்சல் தெருவுக்கும் இடைப்பட்ட வளைவில் மாளிகைகள் இரட்டை அகலத்தில் நிற்கின்றன. இரண்டு மனைகளைச் சேர்த்து வாங்கக்கூடியவர்களின் இடம் அது. இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை வழிகாட்டியிடம் தவறாமல் கேளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் நமக்கு அதைக் கேட்கும் உரிமை கூடுதலாகவே உண்டு. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது 1613இல், அதாவது இந்தக் கால்வாய்களை வெட்டத் தொடங்கிய அதே ஆண்டில். சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த துணியைக் கொடுத்தே இந்தோனேசியத் தீவுகளில் மசாலாப் பொருள்களை வாங்கினார்கள். பஞ்ச காலங்களில் நம் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அதே ஹீரன்கிராக்ட்டில் 502ஆம் எண் வீடு இன்று மேயரின் அதிகாரபூர்வ இல்லம். அதைக் கட்டுவித்த பவுலஸ் கொடின் டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களில் ஒருவர், அடிமை வணிகத்தில் ஈடுபட்டவர். அதைக் குறிப்பிடும் கல்வெட்டு 2006இல் வீட்டின் முன் வைக்கப்பட்டது. 2021 ஜூலை 1 அன்று மேயர் ஃபெம்கே ஹால்செமா, நகரம் அடிமை முறையில் கொண்ட பங்குக்காக மன்னிப்புக் கோரினார். அழகை ரசிப்பதற்கு இந்தச் செய்தி தடையாகாது. ஆனால் இது தெரியாமல் அந்த மாளிகைகளைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது.

சற்றுத் தள்ளி ரெகுலியர்ஸ்கிராக்ட் தொடங்கும் முனையில் படகு பெரும்பாலும் வேகம் குறையும். அங்கே ஏழு பாலங்களின் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும். அந்தக் காட்சி சில நொடிகளே நீடிக்கும் என்பதால் கேமராவை முன்பே தயாராக வைத்திருங்கள். பிரின்சன்கிராக்ட்டில் வெஸ்டர் தேவாலயத்தின் கோபுரமும், அதன் அருகே 263ஆம் எண்ணில் ஆன் ஃபிராங்க் மறைந்து வாழ்ந்த கட்டடமும் வரும். படகிலிருந்து முகப்பை மட்டுமே பார்க்க முடியும். உள்ளே செல்ல விரும்பினால், ஆறு வாரங்களுக்குப் பிந்தைய நாள்களுக்கான சீட்டுகள் செவ்வாய்க்கிழமைகளில் இணையத்தில் வெளியாகும்போதே வாங்கிவிட வேண்டும்.

படகில் நடந்துகொள்ள வேண்டிய முறை எளிது, ஆனால் கண்டிப்பானது. பாலங்கள் மிகத் தாழ்வானவை. திறந்த படகில் எழுந்து நிற்பதோ கையை வெளியே நீட்டுவதோ பெரும் ஆபத்து. கரையோரம் கட்டியிருக்கும் படகு வீடுகளில் குடும்பங்கள் வாழ்கின்றன, அவர்களின் சன்னல்களுக்குள் கேமராவைத் திருப்பக் கூடாது. கால்வாய்களில் வேக வரம்பு மணிக்கு 6 கிலோமீட்டர்தான் என்பதால் குமட்டலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. காற்று மட்டும் கரையில் இருப்பதைவிடக் குளிராக இருக்கும். கோடையிலும் ஒரு மேலங்கியும், மழை தாங்கும் உடையும் எடுத்துச் செல்லுங்கள். திறந்த படகில் குடை விரித்தால் பின்னால் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கால்வாய் வளையம் உருவான வரலாற்றை விளக்கும் அருங்காட்சியகம் ஹீரன்கிராக்ட் 386இல் இருக்கிறது. முடிந்தால் படகில் ஏறுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது சிறந்தது. மாளிகைகளின் உட்புறத்தைக் காண விரும்புபவர்கள் பயணத்துக்குப் பின் அதே கால்வாயின் 605ஆம் எண்ணில் உள்ள வில்லெட் ஹோல்துய்சன் இல்லத்துக்கோ, கெய்ஸர்ஸ்கிராக்ட் 672இல் உள்ள வான் லோன் இல்லத்துக்கோ செல்லலாம். இரண்டின் பின்புறத்திலும் தோட்டங்கள் இருக்கின்றன. படகிலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அவை தெரியாது.