நெல்லையிலிருந்து ஒரே நாளில் விவேகானந்தர் பாறை: முதல்முறை போகிறவர்களுக்கு

நம்மூர்க்காரர்களில் கன்னியாகுமரி பார்க்காதவர்கள் குறைவு. ஆனால் கடலுக்குள் இருக்கும் பாறையைக் கரையில் நின்றே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நிறைய. வரிசை நீளம், வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகள் அழுதார்கள் என்று காரணம் சொல்வார்கள். படகேறிப் போனவர்களிலும் பலர் நாலு படம் எடுத்துக்கொண்டு அடுத்த படகிலேயே வந்துவிடுகிறார்கள். அந்தப் பாறைக்கு அரை நாள் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் நாள் பாருங்கள்

ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும். கடல் சீறினால் படகை நிறுத்திவிடுவார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் உள்வாங்கினாலும் நிறுத்துவதுண்டு. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரஜோதி வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம். முதல்முறை போகிறவர்களுக்கு மாசி, பங்குனியில் ஒரு வார நாள்தான் நல்லது. கிளம்பும் முன் அன்றைய படகு உண்டா என்று விசாரித்துவிடுங்கள்.

விடிவதற்குள் கிளம்புங்கள்

காலை 8 மணிக்குப் படகு தொடங்கும். அந்த நேரத்துக்கு வரிசையில் நின்றுவிட்டால் பாதி வேலை முடிந்தது. நெல்லையிலிருந்து சாலை வழியே 85 கிலோமீட்டர் அளவில் வரும். ரயிலில் போனால் அது கன்னியாகுமரி வரை போகிறதா என்று பாருங்கள். நாகர்கோவிலோடு நின்றுவிடும் வண்டிகள் பல. பேருந்தும் அப்படித்தான். நேர்வண்டி கிடைக்கவில்லை என்றால் நாகர்கோவிலில் இறங்கி மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து 20 கிலோமீட்டர்தான்.

காரில் போகிறவர்களுக்குப் பணகுடி தாண்டியதும் மகேந்திரகிரி மேற்கே கூடவே வரும். காவல்கிணறைக் கடந்தால் பழைய திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1 அன்றுதான் குமரி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. செங்கோட்டை நெல்லை மாவட்டத்துக்கு வந்ததும் அதே நாளில்தான்.

பையில் என்ன வேண்டும்

தண்ணீர், தொப்பி, கனமான பருத்திக் காலுறை. காலுறை எதற்கு என்றால், பாறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். பத்து மணிக்கு மேல் கல் கொதிக்கும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது ரொம்ப முக்கியம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டு போனால் கரையிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

படகில்

படகு விடுவது அரசின் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம். சாதாரண வரிசை, கூடுதல் கட்டணத்தில் சிறப்பு வரிசை என்று இரண்டு உண்டு. சீக்கிரம் போனவர்களுக்குச் சாதாரண வரிசையே போதும். உயிர்காப்பு மேலுடையை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளாமல் மாட்டி, வாரை இறுக்குங்கள். பயணம் சில நிமிடங்கள்தான். அலை சற்றே தூக்கிப் போடும், பயப்பட ஒன்றுமில்லை. பாறை நெருங்கியதும் எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்பார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், கயிறு கட்டியபின் இறங்கலாம்.

பாறையில் எதை முதலில் பார்ப்பது

கூட்டம் நேராகப் பெரிய மண்டபத்துக்குப் போகும். நீங்கள் அதற்கு எதிரே இருக்கும் ஸ்ரீபாத மண்டபத்துக்குப் போங்கள். பாறையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. குமரி அம்மன் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்த இடம் என்பது நம்பிக்கை. பாதம் போன்ற செந்நிறத் தடம் ஒன்று கல்லில் தெரியும். விவேகானந்தர் இங்கே வந்ததற்கும் இந்தப் புனிதம்தான் காரணம்.

அப்புறம் விவேகானந்தர் மண்டபம். 1892 டிசம்பர் 24, 25, 26 தேதிகளில் அவர் இங்கே தியானத்தில் இருந்தார். படகுக்குக் கொடுக்கக் காசில்லாமல் நீந்தியே வந்தார் என்று சொல்வார்கள். நீங்கள் கடந்து வந்த தண்ணீரைத் திரும்பிப் பார்த்தால் அது என்ன காரியம் என்று புரியும். இந்தியாவின் இந்தக் கடைசிப் பாறையில் உட்கார்ந்திருந்தபோது தனக்கு ஒரு வழி தோன்றியதாக 1894இல் அமெரிக்காவிலிருந்து கடிதம் எழுதினார். துறவிகள் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்பதே அந்த வழி. இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் நீங்கள் பார்க்கும் விதமே வேறாக இருக்கும்.

உள்ளே நிற்கும் வெண்கலச் சிலையின் பார்வை நேரே ஸ்ரீபாதத்தின்மேல் விழும்படி அமைத்திருக்கிறார்கள். வாசல் பக்கம் திரும்பிப் பாருங்கள், தெரியும். ஏக்நாத் ரானடே நாடெங்கும் மக்களிடம் சிறுசிறு தொகையாக நன்கொடை திரட்டிக் கட்டிய மண்டபம் இது. 1970 செப்டம்பர் 2இல் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்துவைத்தார். கீழே இருக்கும் தியான மண்டபத்தில் கொஞ்ச நேரமாவது உட்காருங்கள். கைபேசியை அணைத்துவிடுங்கள். பிள்ளைகள் அடங்கமாட்டார்கள் என்றால் வீட்டில் பெரியவர்கள் மாறி மாறிப் போகலாம்.

கண்ணாடிப் பாலம், வள்ளுவர்

முன்பு வள்ளுவர் சிலைக்குத் தனியாகப் படகு போக வேண்டும். அந்தப் பாறையை ஒட்டி நீர் தாழ்ந்தால் படகு அணையாது. பல நாள் சிலையைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. 2024 டிசம்பர் 30இல் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்தக் கவலை போனது. கீழே அலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர்கள் எதிரே சிலையைப் பார்த்தபடி நடந்தால் போதும்.

சிலையின் உயரம் 133 அடி, குறளின் அதிகாரங்களைப் போல. 38 அடி பீடம் அறத்துப்பாலுக்கு. அதன்மேல் நிற்கும் 95 அடி சிலை பொருளுக்கும் இன்பத்துக்கும். கணபதி ஸ்தபதியின் வேலை, 2000 ஜனவரி 1இல் திறந்தது. பீடத்துக்குள் இருக்கும் படிகளில் ஏறி வள்ளுவர் காலடி வரை போகலாம். முழங்கால் வலி இருப்பவர்கள் கீழேயே நின்று பீடத்து யானைச் சிற்பங்களைப் பார்க்கட்டும்.

திரும்பும்போது

மதியம் ஆனால் திரும்பும் வரிசையும் நீளும். கடல் மாறுகிறது, கிளம்புங்கள் என்று அறிவித்தால் பாதிப் பார்வையில் இருந்தாலும் உடனே வரிசைக்கு வந்துவிடுங்கள். கரைக்கு வந்தபின் அம்மன் கோயில் நடை சாத்தியிருந்தால் காத்திருக்க வேண்டாம். நாகர்கோவில் பேருந்து சுசீந்திரம் வழியாகத்தான் போகும். மாலை நடை திறக்கும் நேரத்துக்கு அங்கே இறங்கித் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டு, நாகர்கோவிலில் நெல்லை வண்டி பிடித்தால் ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.