கிழங்கிலிருந்து பால்: எங்கே தவறு நடக்கிறது

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், உச்சிப்புளியில் இருக்கும் என் அக்கா வீட்டில் மாட்டுப்பால் வாங்குவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகின்றன. பால் குடித்தால் மகனுக்கு வயிறு உப்பும், பிறகு இரண்டு மூன்று தடவை போய்விடும். தேங்காய்ப்பாலுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. ஆப்பத்துக்கும் தொதல் இனிப்புக்கும் சரி, தினமும் டம்ளரில் குடிக்கத் திகட்டுகிறது. அதனால் உருளைக்கிழங்கை அவித்து அரைத்துப் பார்த்தாள். பசை மாதிரி வந்தது. மிக்சியை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள், பசை கூடியதே தவிரக் குறையவில்லை.

வெந்த கிழங்கில் மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பியிருக்கும். கெட்டியாக வைத்து நெடுநேரம் அரைத்தால் அது உடைந்து வெளியே வந்து இழுபடும். 100 கிராம் கிழங்குக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் ஊற்றி, நிறுத்தி நிறுத்தி அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்ட வேண்டும். ஊறவைத்து அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி சேர்த்து அரைத்தால் கொழுப்பும் புரதமும் கிடைக்கும், நாக்கில் பால் போல நிற்கும். சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 2021ல் கடைக்கு வந்த உருளைக்கிழங்குப் பாலிலும் கிழங்கோடு எண்ணெயும் பட்டாணிப் புரதமும் உண்டு. கிழங்கு மட்டும் பாலாகாது.

தண்ணீரையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். அதில் அரைத்தால் ருசியே மாறிவிடும். காவிரிக் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோதான் இதற்குச் சரி.

எனக்குப் பெரிய கவலை வேறு. நிறம் வெள்ளையாக இருப்பதால், மாட்டுப்பால் செய்த வேலையை இதுவும் செய்யும் என்று நம்பிவிடுகிறோம். 200 மில்லி மாட்டுப்பாலில் 6 கிராமுக்கு மேல் புரதமும், ஏறக்குறைய 240 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) உண்டு. 100 கிராம் உருளைக்கிழங்கில் இருப்பதே 2 கிராம் புரதமும் 10 மில்லிகிராம் அளவு சுண்ணாம்பும்தான். அதை அரை லிட்டர் நீரில் கரைத்து ஒரு டம்ளர் ஊற்றினால் புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது, சுண்ணாம்பு கணக்கிலேயே வராது. கடைப் பானங்கள் பலவற்றில் சுண்ணாம்பும் வைட்டமின் டியும் பி12ம் தனியாகச் சேர்க்கிறார்கள். அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்த சுண்ணாம்பு அடியில் தங்கும் என்பதால் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். தாவரப் பானங்களுக்குப் 'பால்' என்று பெயர் வைக்கக் கூடாது என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021ல் சொன்னதை நான் நியாயமாகவே பார்க்கிறேன்.

குறைந்ததை எங்கே ஈடுகட்டுவது? கடற்கரைக்காரர்களுக்கு வழி வீட்டிலேயே இருக்கிறது. நெத்திலியையும் சூடையையும் முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்பு, புரதம், பி12 மூன்றும் கிடைக்கும். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்பு இருக்கிறது. முருங்கைக்கீரை எல்லா வீட்டுக் கொல்லையிலும் நிற்கிறது. மீனும் முட்டையும் தொடாதவர்கள் பி12க்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தப் பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கவே கூடாது. நீர்க்க இருக்கும் மாவுக் கரைசலால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. ஒன்றைத் தாண்டினாலும் மருத்துவரைக் கேட்காமல் இதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு குழப்பம். பால் சர்க்கரை செரிக்காமல் போவது வேறு, பால் ஒவ்வாமை வேறு. முதல் வகையினர் பலருக்குத் தயிரும் மோரும் கொஞ்சம் ஒத்துக்கொள்ளும். ஒவ்வாமை உள்ளவருக்குத் துளி மோரும் ஆபத்து. எது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு தயிரையும் மோரையும் பற்றி முடிவு செய்யுங்கள். நிலக்கடலைக்கும் ஒவ்வாமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பச்சை படர்ந்த, முளைவிட்ட உருளைக்கிழங்கின் நஞ்சு வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. மரவள்ளியைப் பச்சையாக அரைத்துப் பிழிவது அதைவிட மோசம், அதில் சயனைடு உண்டாகும். மரவள்ளியைத் தோல் சீவி, நிறைய நீரில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். சர்க்கரை நோயாளிகள் கிழங்குப் பாலைச் சோறு போல நினைத்து அளந்து குடிக்க வேண்டும். கருப்பட்டி போட்டாலும் அதுவும் சர்க்கரைதான்.

அப்புறம், நம் வெயிலில் மாவுப் பண்டம் சீக்கிரம் கெடும். அரைத்த ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். நெடுநேரம் மின்சாரம் போயிருந்தால் கொட்டிவிடுங்கள். தேநீரில் சேர்த்துக் கொதிக்க விட்டால் திரியும், கூழாகும். அடுப்பை அணைத்த பிறகு ஊற்ற வேண்டும்.

அக்கா இப்போது காலையில் மகனுக்குக் கேழ்வரகுக் கூழ் கொடுக்கிறாள், மதியம் நெத்திலி. கிழங்குப் பால் மாலைத் தேநீருக்கு மட்டும்.