நடந்தால் மட்டும் கொலஸ்ட்ரால் இறங்கிவிடுமா? முதியோர் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை நடை முடிந்து எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரு பிஸ்கட் பாக்கெட் பிரியும். "இவ்வளவு நடந்தாச்சே, ஒன்றிரண்டு சாப்பிட்டால் என்ன?" என்று கை மாறிப் போகும். முதல் தவறு அங்கேதான். நடை இதயத்துக்கு நல்லது, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடும் குறையும். ஆனால் கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் நடையால் மட்டும் அவ்வளவாக இறங்காது. அதற்குச் சாப்பாட்டுத் தட்டும் மாற வேண்டும்.

வெண்ணெய், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்வதை மந்தமாக்குகிறது. கரையும் நார்ச்சத்து நேர்மாறு. அது குடலில் செரிமானத்துக்கு உதவும் பித்த அமிலங்களைப் பிடித்து வெளியேற்ற, புதிய பித்தம் செய்யக் கல்லீரல் ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்ளும். ஒன்றரை கப் வெந்த ஓட்ஸில் இப்படிப்பட்ட நார் சுமார் 3 கிராம் கிடைக்கும். பருப்பு, பயறு வகைகளிலும் உண்டு. எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தாவர எண்ணெயில் அது இருப்பதே இல்லை எனலாம். எவ்வளவு நிறைவுற்ற கொழுப்பு என்று பாருங்கள்.

சில குழுக்களில் எடை குறைக்கும் போட்டி வைக்கிறார்கள். எனக்கு இது பிடிப்பதில்லை. வயதானவர் சாப்பாட்டைக் கண்டபடி குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும், அப்புறம் விழுகிற பயம் வேறு. வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் இருக்கட்டும்.

மருத்துவ முகாமில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சொல்லும் மொத்த கொலஸ்ட்ரால் எண்ணை மட்டும் வைத்துப் பயப்படுவதோ நிம்மதி அடைவதோ சரியில்லை. நல்ல கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தாலும் மொத்தம் ஏறித் தெரியும். எல்டிஎல்லைத் தனியாகப் பாருங்கள். உணவை மாற்றிய மறு வாரமே சோதிக்காமல் 6 முதல் 12 வாரம் விடுங்கள். பெரிய நோய்க்குப் பிறகு எண் தற்காலிகமாகக் குறைந்து ஏமாற்றும். தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் எல்டிஎல் ஏறும். அப்போது உணவை மட்டும் மாற்றிப் பலனில்லை.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கைதட்டல். "கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்று ஒருவர் சொன்னதும் குழுவே தட்டும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர், எல்டிஎல் 190-க்கு (mg/dL) மேல் உள்ளவர் ஆகியோருக்கு உணவும் நடையும் மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல. குழுவை நடத்துபவர் வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போடலாம்: 'மருத்துவரிடம் கேட்டாயிற்றா?'