எந்தப் பந்தை விடுவது: பேஸ்பால் அடிக்கப் பிள்ளைகளைப் பழக்கும் முறை

டெல்டாப் பகுதியில் பேஸ்பால் மட்டையை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, அதற்கு முன்பே தென்னை மட்டையாலும் ரப்பர் பந்தாலும் சில ஆண்டுகள் கிரிக்கெட் ஆடியிருக்கும். கண்ணும் கையும் இணைந்து இயங்க அந்தப் பழக்கம் நல்ல மூலதனம். எந்தப் பந்தை அடிப்பது என்று முடிவெடுப்பதில் அதுவே பெரிய தடை. ஸ்டம்பைக் காத்துப் பழகிய பிள்ளை, தன்னை நோக்கி வரும் எதையும் தொட்டாக வேண்டும் என்று நினைக்கிறது. பேஸ்பாலில் காக்க ஸ்டம்பு கிடையாது. அடிப்பவர் அருகே தரையில் பதித்த, சுமார் 43 செ.மீ. அகலமுள்ள ஹோம் பிளேட் என்ற தகட்டுக்கு மேலே, முழங்காலின் கீழ்க்குழியிலிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை, கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகச் சட்டம் மட்டுமே இருக்கிறது. அதற்கு வெளியே போகும் நான்கு பந்துகளை அடிக்காமல் விட்டால், ஓட்டம் எடுக்கச் சுற்றிவரும் நிலைகளில் முதலாவதான முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். ஆகவே, மட்டை வீச்சைக் கற்பிக்கும் அதே நாளில் விடுவதையும் கற்பிக்கத் தொடங்க வேண்டும்.

மட்டையைத் தேர்வதில் சிக்கனம் பார்த்து அண்ணனுடைய மட்டையைக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளை தன் பலவீனமான கையால் மட்டையின் அடியைப் பிடித்து, பக்கவாட்டில் நேராக நீட்டி, இருபது எண்ணும்வரை நிற்கட்டும். அதற்குள் முனை தாழ்ந்தால் அந்த மட்டை கனம். பிடி உள்ளங்கையில் புதையாமல் விரல்களில் இருக்க வேண்டும்.

வீச்சு இடுப்பிலிருந்து பிறக்கிறது என்பதை எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. வாய்க்காலில் வீச்சுவலை எறிபவரைக் காட்டினால் உடனே புரிகிறது. அவருடைய இடுப்பு முதலில் திரும்பும், தோள் பின்தொடரும், கை கடைசியில்தான் வலையை விடும். மட்டையும் அப்படியே: முன்காலைச் சிறிதாக எடுத்து வைத்து, பின்கால் நுனியில் சுழன்று, இடுப்பு திறந்த பிறகே கைகள் வர வேண்டும். கிரிக்கெட்டிலிருந்து வரும் பிள்ளை முழங்கையை உயர்த்தி மட்டையை நேர்க்கோட்டில் கீழிறக்கும். அதைக் கண்டித்துத் திருத்துவதைவிட, மார்பளவு உயரத்தில் பந்தை வைத்துத் தொடர்ந்து அடிக்கச் செய்தால் மட்டை தானாகவே கிடைமட்டத்துக்கு வந்துவிடும்.

பந்தை வைப்பதற்கான டீ என்ற தாங்கியை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி ஒரு பி.வி.சி. குழாயை நட்டு, அதன் தலையில் பம்ப்செட்டிலிருந்து வெட்டிப் போட்ட ரப்பர் குழாய்த் துண்டைச் செருகினால் போதும். நாகப்பட்டினம் பக்கம் கழித்துப் போடும் மீன்வலையை இரண்டு தென்னைகளுக்கிடையே தொங்கவிட்டால் பந்து பொறுக்கும் வேலையும் மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மைதானம் சேறாகிக் கிடக்கும்போது இந்தப் பயிற்சியைக் கூரையடியில் நடத்தலாம். தையில் சம்பா அறுவடை முடிந்த வயல் அடிப்பவருக்கு நல்ல இடம். பந்து தரையில் பட்டு எழும்பத் தேவையில்லாத ஆட்டம் என்பதால் பிட்ச் பற்றிய கவலை இல்லை. ஆனால் பந்து பொறுக்கப் போகும் பிள்ளைகள் செருப்பில்லாமல் அரிதாளில் ஓடக் கூடாது.

இனி, தேர்வு. சிறுவர் ஆட்டத்தில் பிட்சர் (பந்தை எறிபவர்) நிற்கும் தூரம் 14 மீட்டர். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எறிந்தால் பந்து ஏறத்தாழ 0.6 வினாடியில் வந்துவிடும். அதற்குள் பார்த்து, முடிவெடுத்து, சுழற்றியாக வேண்டும். இதற்கு நான் நடத்தும் பயிற்சியில் சுழற்றலே கிடையாது. ஹெல்மெட் அணிந்த பிள்ளை நிலையெடுத்து நிற்கும்; இருபது பந்துகள் எறியப்படும்; ஒவ்வொன்றும் பிளேட்டைத் தாண்டுவதற்குள் ‘அடி’ அல்லது ‘விடு’ என்று உரக்கச் சொல்ல வேண்டும். முதல் நாள் பதினெட்டுக்கு ‘அடி’ என்றுதான் குரல் வரும். “சார், கை தானா போயிடுது” என்று ஒரு பையன் சொன்னான். பந்து பிட்சரின் கையைவிட்டு வரும் இடத்தைப் பாராமல், பாதி வழியில்தான் அவன் பார்க்கத் தொடங்கினான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பார்வையைப் பிட்சரின் கைக்கு நகர்த்திய பிறகு அவன் கை நின்றது.

அமெரிக்க ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1941இல் .406 சராசரி (ஆயிரம் வாய்ப்புக்கு 406 ஹிட், அதாவது பேஸை எட்டவைத்த அடி, என்ற கணக்கு) எடுத்தவர். அவர் அந்தச் சட்டத்தை 77 பந்துகள் அடங்கும் கட்டமாகப் பிரித்து, வெளிப்புறக் கீழ்மூலையில் வரும் பந்துகளை மட்டுமே அடித்தால் தன் சராசரி .230 ஆகிவிடும் என்று கணக்கிட்டார். பிள்ளைக்கு 77 வேண்டாம், மூன்று போதும்: உள்பக்கம், நடு, வெளிப்பக்கம். இரண்டு ஸ்ட்ரைக் (அடிக்காமல் விட்ட நல்ல பந்து, அல்லது சுழற்றித் தவறியது; மூன்றானால் ஆட்டமிழப்பு) ஆகும்வரை நடுவுக்கு மட்டும் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆன பின் மட்டையைச் சற்று மேலே பிடித்து, வீச்சைச் சுருக்கி, சட்டத்தின் ஓரத்தில் வருவதையும் ஃபவுலாக, அதாவது பக்கக் கோட்டுக்கு வெளியே, தட்டிவிட வேண்டும். அந்நிலையில் ஃபவுல் மூன்றாவது ஸ்ட்ரைக் ஆகாது. கிரிக்கெட்டில் கற்ற கை இங்கேதான் உண்மையில் பயன்படுகிறது.

குறிப்பேட்டில் எத்தனை ஹிட் என்று எழுதாமல், எத்தனை நல்ல பந்தை அடித்தான், எத்தனை கெட்ட பந்தை விட்டான் என்று எழுதுங்கள். .300 சராசரி பெரிய ஆட்டக்காரர்களுக்கே பெருமை. அவர்களே பத்தில் ஏழு முறை ஹிட் இல்லாமல் திரும்புகிறார்கள். வேலிக்கு அப்பாலிருந்து “சும்மா நிக்கிறியே, அடிடா” என்று கத்தும் அப்பாக்களிடம் இந்தக் கணக்கை ஆட்டத்துக்கு முன்பே விளக்கிவிடுவது நல்லது.

ஒருமுறை ஒரே வாரத்தில் ஒருவனுடைய பிடி, நிலை, காலடி மூன்றையும் நானே மாற்றினேன். இரண்டு மாதம் அவனால் பந்தைத் தொட முடியவில்லை. வாரத்துக்கு ஒரு திருத்தம், ஒரு நாளைக்கு 25 வீச்சு வீதம் மூன்று சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திடீரென உயரம் கூடும்போது எல்லாமே பிசகும். அப்போது வீச்சில் கை வைக்காமல், மட்டையின் நீளத்தைச் சரிபார்த்து, டீயின் ரப்பர் குழாயை இரண்டு விரல் உயர்த்தி, மீண்டும் நிற்கும் பந்திலிருந்தே தொடங்குங்கள்.