நானோ துத்தநாக ஆக்சைடைக் கண்டு மண்புழு விலகுகிறதா? 48 மணி நேரச் சோதனை

100 நானோமீட்டருக்கும் சிறிய துத்தநாக ஆக்சைடுத் துகள்கள் மண்ணின் ஈரத்தில் கரைந்து துத்தநாக அயனியை வெளிவிடுகின்றன. மண் அமிலத்தன்மை உடையதாக இருந்தால் இன்னும் வேகமாகக் கரைகின்றன. ஆகவே புழுவுக்குக் கேடு செய்வது துகளா, கரைந்த அயனியா என்று பிரித்தறிய, சாதாரண துத்தநாக ஆக்சைடையும் உரக்கடைகளில் கிடைக்கும் துத்தநாக சல்பேட்டையும் உடன்வைத்துச் சோதிப்பது கட்டாயம்.

தருமபுரிச் செம்மண்ணையே எடுத்துக்கொள்ளலாம். பாலக்கோடு பக்கத்துத் தக்காளித் தோட்டம் போல உரமிட்ட நிலத்தைத் தவிர்த்து, தரிசில் எடுத்த மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, அதன் கார அமில நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். புழு வாங்கும்போது, மண்புழு உரத்துக்கு வளர்க்கும் ஐசீனியா ஃபெடிடா இனம்தானா என்று கேளுங்கள். உரத்தொட்டிகள் பலவற்றில் யூட்ரிலஸ் என்னும் ஆப்பிரிக்கப் புழுவும் வளர்கிறது. கிளைடெல்லம் என்னும் தடித்த பட்டை தெளிவாகத் தெரியும் முதிர்ந்த புழுக்களே வேண்டும்.

250 கிராம் உலர்மண்ணுக்கு 125 மில்லிகிராம் துத்தநாக ஆக்சைடு சேர்த்தால் கிலோவுக்கு 500 மில்லிகிராம் ஆகும். அந்த 125 மில்லிகிராமில் துத்தநாகம் சுமார் 100 மில்லிகிராம். அதே அளவு துத்தநாகம் பெற, ஏழு நீர் மூலக்கூறு கொண்ட சல்பேட் சுமார் 440 மில்லிகிராம் தேவை. நானோ பொடியைக் காற்றில் பறக்கவிடாமல், முகக்கவசம் அணிந்து, முதலில் ஒரு பிடி மண்ணில் கலந்து பிறகு மீதியோடு சேருங்கள்.

பெட்டியின் நடுவில் தடுப்பு வைத்து, ஒருபுறம் தூய மண்ணையும் மறுபுறம் கலந்த மண்ணையும் நிரப்புங்கள். ஈரம் இருபுறமும் துல்லியமாக ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் தூய மண் சற்றுக் கூடுதல் ஈரமாக இருந்ததால் புழுக்கள் அங்கே திரண்டன. நாங்கள் அதை நஞ்சின் விளைவென்று எழுதிவிட்டோம். இப்போது நீரை எடைபோட்டே ஊற்றுகிறோம். பிடித்த மண் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

தடுப்பை எடுத்து, நடுக்கோட்டில் 10 புழுக்களை விட்டு, 20 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். நம் ஊர்க் கோடைக்கு இது ஒத்துவராது, மார்கழியில் செய்யுங்கள். ஒவ்வொரு வகைக்கும் 5 பெட்டிகள் வேண்டும். இருபுறமும் தூய மண் கொண்ட 5 பெட்டிகள் தனி.

48 மணி நேரம் கழித்துத் தடுப்பை மீண்டும் செருகி எண்ணுங்கள். தடுப்பில் துண்டான புழுவை இருபுறமும் அரை அரையாகக் கொள்க. தூய பக்கம் 8, நானோ பக்கம் 2 என்றால், வேறுபாடு 6, மொத்தம் 10, ஆகவே விலகல் 60 சதவீதம். தூய மண் பெட்டிகளில் சராசரிப் பங்கீடு 40-க்கு 60 என்ற எல்லையைத் தாண்டினால் முழுச் சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். சல்பேட்டிலும் நானோவிலும் விலகல் ஒத்திருந்தால், அயனியே முதன்மைக் காரணம் என்று கருத இடமுண்டு.

சோதனை மண்ணையும் அதில் இருந்த புழுக்களையும் உரத்தொட்டியில் கொட்டாதீர்கள். வீட்டுக் கோழிகள் கொத்தித் தின்னும் இடத்திலும் விடாதீர்கள்.