அமெரிக்காவில் ஊன உதவித்தொகை வாங்கிக்கொண்டே பகுதி நேர வேலைக்குப் போவது எப்படி?

வேலைக்குப் போன மறுமாதமே பணம் நின்றுவிடும் என்று பயந்து பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அப்படி உடனே நிற்காது. ஆனால் கணக்குப் பார்த்துப் போக வேண்டும்.

முதலில், உங்களுக்கு வருவது எது என்று பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். வேலை செய்த காலத்தில் கட்டிய வரிக்காக வருவது எஸ்எஸ்டிஐ. வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கு வருவது எஸ்எஸ்ஐ. இரண்டும் வருகிறவர்களும் உண்டு. தருவது ஒரே சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம், விதிகள்தான் வேறு வேறு.

எஸ்எஸ்ஐ என்றால் கணக்கு எளிது. மாதம் 485 டாலர் சம்பாதிக்கிறீர்கள், வேறு வருமானம் இல்லை. முதல் 85 டாலரை விட்டுவிடுவார்கள். மீதி 400-இல் பாதி, அதாவது 200 டாலர், உதவித்தொகையில் குறையும். எப்படிப் பார்த்தாலும் கையில் கூடுதலாகத்தான் நிற்கும்.

எஸ்எஸ்டிஐ-யில்தான் சிக்கல். இதில் வேலை செய்து பார்க்க 9 சோதனை மாதங்கள் உண்டு. 2025 கணக்குப்படி 1,160 டாலருக்கு மேல் சம்பாதித்த மாதம் ஒவ்வொன்றும் இதில் ஒன்றாகச் சேரும். தொடர்ந்து வர வேண்டியதில்லை, 60 மாதங்களுக்குள் விட்டு விட்டு வந்தாலும் எண்ணிக்கைதான். அந்த மாதங்களில் எவ்வளவு சம்பாதித்தாலும் உதவித்தொகை முழுதாக வரும். ஒன்பதும் முடிந்த பிறகு 36 மாதங்களுக்கு வேறு வரம்பு: 2025 கணக்குப்படி மாதம் 1,620 டாலர், பார்வையற்றவர்களுக்கு 2,700. முதல்முறை தாண்டும்போது அந்த மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் பணம் வரும். அப்புறம் தாண்டிய மாதத்தில் வராது, குறைந்த மாதத்தில் வரும்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று: பிடித்தம் போகக் கையில் வருவதை அலுவலகத்தில் பார்ப்பதில்லை, பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைத்தான் பார்க்கிறார்கள்.

சரி, வேலை கிடைத்துவிட்டதா? உடனே தெரிவியுங்கள். எஸ்எஸ்ஐ என்றால் ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். சொன்னதற்கு ரசீது கேட்டு வாங்குங்கள். பணம் வந்துகொண்டிருப்பதாலேயே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லிப் பிற்பாடு கடிதம் வரலாம். சம்பளச் சீட்டுகளையும், ஊனத்தால் வேலைக்கென்று கைக்காசு போட்டுச் செய்த செலவுகளின் பில்களையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்த 1,620 கணக்கில் இந்தச் செலவைக் கழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.