வாஷிங் மெஷின் தண்ணீர் எதிர்த்து வந்தால் விநாடிகளை எண்ணுங்கள்

எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினை ஒட்டிய அறை அம்மாவுடையது. வயது 81, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். துவைத்த தண்ணீர் வடிகால் பைப்பின் வாயில் பொங்கி அந்த அறை வாசல் வரை ஓடிய அன்று, கட்டிலை விட்டு இறங்க வேண்டாம் என்று அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னதுதான் நான் செய்த முதல் வேலை. சோப்புத் தண்ணீர் பரவிய தரை எண்ணெய் கொட்டியது போல வழுக்கும். பிறகு பார்க்கலாம் என்று இந்தப் பழுதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பொங்கியதும் மெஷினை நிறுத்த வேண்டும். ஆனால் ஈரத்தில் நின்றபடி பிளக்கைத் தொடக் கூடாது. பிளக் இருக்கும் பக்கம் தரை நனைந்திருந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து, கோளாறு மெஷினிலா பைப்பிலா என்று பார்க்க வேண்டும். தண்ணீர் டிரம்முக்குள்ளேயே நின்றால் மெஷின் பக்கம்: ஃபில்டரில் நாணயமோ ஹேர்பின்னோ மாட்டியிருக்கலாம், தண்ணீரை வெளியேற்றும் ஹோஸ் மடங்கியிருக்கலாம், பம்ப் போயிருக்கலாம். தண்ணீர் ஹோஸிலிருந்து வேகமாக வந்து, இறங்க வழியில்லாமல் பைப்பின் வாயில் பொங்கினால் பம்ப் நன்றாகவே இருக்கிறது என்று அர்த்தம். இது தெரியாமல் நான் மெஷினைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். பழுது பார்க்க வந்தவரும் பம்பை மாற்றிவிட்டுப் போனார். மறுநாள் அதே வெள்ளம்.

குளியலறைத் தரை, சமையலறைத் தொட்டி, கழிப்பறை எல்லாவற்றையும் ஒரு பார்வை பாருங்கள். மெஷின் ஓடும்போது கழிப்பறையில் குளுக் குளுக்கென்று சத்தம் வந்தாலோ, அங்கும் தண்ணீர் ஏறினாலோ, அடைப்பு எல்லாப் பைப்பும் சேருகிற பெரிய பைப்பில் இருக்கிறது. அது பிளம்பர் வேலை. அவர் வரும் வரை வீட்டில் எங்கும் தண்ணீர் திறக்காமல் இருப்பதே நல்லது. மெஷின் பைப்பில் மட்டும்தான் பிரச்சினை என்றால் நீங்களே சரிசெய்யலாம்.

அடைப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இங்கேதான் எண்ணிக்கை உதவுகிறது. 10 லிட்டர் பக்கெட் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினைக் குளிர்ந்த தண்ணீரில் ஓடவிட்டு, தண்ணீர் வெளியேறும் நேரத்தில் ஹோஸ் முனையைப் பக்கெட்டுக்குள் பிடியுங்கள். கையை எடுத்துவிடாதீர்கள், ஹோஸ் துள்ளும். பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டு மெஷினை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் முனையை மெஷினின் மேல்மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுங்கள், நின்றுவிடும். எங்கள் மெஷினில் 30 விநாடி ஆனது, அதாவது 3 விநாடிக்கு 1 லிட்டர். பிறகு ஹோஸைப் பழையபடி பைப்பில் மாட்டி, மீண்டும் ஓடவிட்டேன். 20 விநாடியில் பொங்கியது.

50 மி.மீ. பைப் 1 மீட்டருக்கு ஏறக்குறைய 2 லிட்டர் பிடிக்கும். 20 விநாடியில் உள்ளே போனது சுமார் 6.5 லிட்டர், ஆக 3 மீட்டருக்குச் சற்று மேல். அடைப்பின் வழியே கொஞ்சம் கசிந்து போயிருக்கும் என்பதால் உண்மையான தூரம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு, மூன்று விநாடியிலேயே பொங்கினால் அடைப்பு வாய்க்குப் பக்கத்தில், பெரும்பாலும் நாற்றம் வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த வளைவில், இருக்கிறது. ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பார்த்து, இறங்குகிறதே என்று நம்பிவிடாதீர்கள். பாதி அடைத்த பைப்பில் குவளைத் தண்ணீர் சுலபமாக இறங்கும், பம்ப் தள்ளும் வேகத்தைத்தான் தாங்காது.

அடைப்பு வளைவில் என்றால், கீழே பக்கெட் வைத்து வளைவின் மூடியைக் கழற்றிக் கையுறை போட்டு அள்ளிவிடலாம். தூரத்தில் என்றால், கைப்பிடி வைத்துச் சுற்றுகிற ஸ்பிரிங் கம்பி வேண்டும். 5 மீட்டர் நீளம் எனக்குப் போதுமாக இருந்தது. கம்பியை மெதுவாக விட்டுக்கொண்டே போங்கள். பைப்பின் வளைவில் முட்டினால் கெட்டியாகத் தெரியும், சுற்றினால் தாண்டிவிடும். அடைப்பில் முட்டினால் மெத்தென்று இருக்கும், முனையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நிறுத்தி வலப்பக்கமாகவே சுற்றுங்கள். இழுக்கும்போதும் வலப்பக்கமாகவே. மாற்றிச் சுற்றினால் சிக்கிய பிசிறு அவிழ்ந்து உள்ளேயே தங்கிவிடும். தள்ளிவிட்டால் போதும் என்று குத்தாதீர்கள், அது இன்னும் தள்ளிப் போய்க் கை எட்டாத இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இரண்டரை மீட்டரில் மாட்டியது. வெளியே வந்தது சாம்பல் நிறத்தில், முழங்கை நீளத்துக்கு, கம்பளி போல இறுகிய நூல் பிசிறு. கரையாத சோப்புத்தூள் அதற்குப் பசை. அம்மாவின் படுக்கைக்காக வாங்கிய புது டவல்களை ஒரு மாதமாகத் தினமும் துவைத்துக்கொண்டிருந்தேன், அந்தப் பிசிறுதான். மூன்று தடவை விட்டு எடுத்த பிறகுதான் கம்பி சுத்தமாக வந்தது.

அடைப்பை எடுக்கும் மருந்து ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பருத்தி நூலும் பாலியெஸ்டரும் அதில் சட்டென்று கரையாது. ஊற்றியது அப்படியே தேங்கி நிற்கும், அடுத்த முறை பொங்கும்போது தரைக்கு வரும், அதில் கால் வைப்பது யார்? ப்ளீச்சும் ஆசிட்டும் பைப்பில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சையே அடைக்கும். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், பி.வி.சி. பைப் 60 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும்.

ஹோஸைத் திரும்ப மாட்டும்போது 15 செ.மீ. உள்ளே போனால் போதும். சுற்றிலும் காற்றுக்கு இடைவெளி இருக்கட்டும். பொங்காமல் இருக்க டேப் சுற்றி அடைத்தால், மெஷினில் நிரம்பும் தண்ணீரைப் பைப் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்புறம், ஹோஸ் முனையில் சின்ன வலைப்பை ஒன்று கட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள், அதுவும் நிறைந்துவிட்டால் பம்புக்குச் சிரமம். சோப்புத்தூளை அளந்து போடுங்கள்.

கடைசியாக, துணி இல்லாமல் ஒருமுறை முழுதாக ஓடவிட்டு, பைப்பின் வாயருகே நின்று திரும்பவும் எண்ணுங்கள். எங்கள் வீட்டில் 20 தாண்டியது, 60 தாண்டியது, மெஷினில் தண்ணீர் தீர்ந்து பம்ப் உறுமத் தொடங்கும் வரை ஒரு சொட்டும் மேலே வரவில்லை. தரையைக் காய்ந்த துணியால் இரண்டு முறை துடைத்த பிறகு அம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன்.